கிண்டி மானைப் பாக்க விசா வேண்டாம்

ஏய்யா பேராண்டி, மான் பாக்க இங்கிலாந்துக்குப் போறியாமே! நல்லாப் போ. பால்வாடி காலத்துல இருந்து கிண்டிக் காட்டுச் சுவரை ஒட்டித்தான் உன் பள்ளிக்கூட வேன் போய் வந்துச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் என்னடா இருக்குன்னு கேட்டா, "ஏதோ கவர்மென்ட் இடம் தாத்தா"ன்னே. இப்ப கடல் தாண்டிப் போய்ப் புள்ளி போட்ட மானை போட்டோ பிடிக்கணும்ங்கே. போறவனைத் தடுக்கலை. கிழவன் நாலு வார்த்தை சொல்லுதேன், காதுல சொருகியிருக்கிறதைக் கழட்டி வச்சிட்டுக் கேளு.

நீ ஆன்லைன்ல வாங்கிப் போட்ட கைடு புஸ்தகத்தை நீ தொடலை, நான்தான் படிச்சேன். கரிசக்காட்டுல வாத்தியார் உத்தியோகம் பாத்தவனுக்குச் சும்மா கிடக்கிற புஸ்தகத்தைக் கண்டா கை அரிக்கும். நீ போகணும்ங்கிற நியூ ஃபாரஸ்ட், பேருலதான் புதுசு. 1079-ல வில்லியம்னு ஒரு ராசா தான் வேட்டையாட ஒதுக்கி வச்ச காடு அது. அதுல திரியிற ஃபேலோ மான் இருக்கே, அதுவும் உள்ளூர்க்காரன் இல்லை. நார்மன் ராசாமாரு காலத்துல வெளியில இருந்து கொண்டாந்து விட்டது.

இனி கிண்டிக்கு வா. இதுவும் துரைமாரு வேட்டைக்காடுதான். கில்பர்ட் ராட்ரிக்ஸ்னு ஒரு வெள்ளைக்காரன் கையில இருந்துச்சு. 1821-ல சர்க்கார் 35,000 ரூவா கொடுத்து வாங்கினாங்க. அந்தக் காசுக்கு இன்னிக்கு அடையாறுல ரெண்டு சதுரடி கிடைச்சா நீ அதிர்ஷ்டக்காரன். இங்க இருக்கிற புள்ளிமானும் பிற்காலத்துல கொண்டாந்து விட்டதுதான். மூத்த குடி வெளிமான். ஆக, வேட்டைக்காடும் இருக்கு, இறக்குமதிப் புள்ளிமானும் இருக்கு. அங்க கூடுதலா இருக்கிறது குளிர் ஒண்ணுதான். அதுக்கு நீ லட்ச ரூவா கொடுக்கணுமா, ஃபிரிட்ஜைத் திறந்து வச்சிக்கிட்டு நிக்கலாமேன்னு உங்க ஆச்சி கேக்கா. நான் கேக்கலைய்யா.

1910-ல இதை ரிசர்வ் காடுன்னு அறிவிச்சப்ப 505 ஹெக்டேர். அப்புறம் ஐ.ஐ.டி.க்குக் கொஞ்சம், மண்டபங்களுக்குக் கொஞ்சம், அதுக்கு இதுக்குன்னு கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து, 1978-ல தேசியப் பூங்கான்னு பேரு வைக்கிறப்ப மிஞ்சினது 270 ஹெக்டேர். பாகப்பிரிவினைன்னா வாயில்லாதவனுக்குத்தான் நட்டம், இது நம்ம குடும்பத்துலயும் உள்ளதுதான், பேசினா உங்க பெரியப்பன் கோவிச்சுக்கிடுவான்.

காட்டுக்குள்ள உன்னை விட மாட்டாங்க, விடவும் வேண்டாம். ஐ.ஐ.டி.யில படிக்கிற உன் கூட்டாளி ஒருத்தன் இருக்கானே, அவனைப் பாக்கப் போற சாக்குல விடிகாலையில போ. அந்த வளாகத்துக்குள்ளயும் வெளிமான் மேயுது. கிடாய்க்கு முதுகெல்லாம் கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுத்தி வெள்ளை வட்டம், கொம்பு ரெண்டும் முறுக்கேறி நிக்கும். அவன் மைதானத்துல ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிச்சு வைப்பான். அதுதான் அவன் பட்டா. சார் பதிவாளர் ஆபீஸும் கிடையாது, புரோக்கர் கமிஷனும் கிடையாது. அடுத்த கிடாய் மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போயிரும். எதுக்கும் அந்தக் குவியல்ல கால் வச்சிராதே. உன் ஷூவோட விலை எனக்குத் தெரியும்.

அடுத்தது லேக் டிஸ்ட்ரிக்ட். வின்டர்மியர்னு ஒரு ஏரி, பதினேழு கிலோமீட்டர் நீளமாம், அதுல படகு விடணுமாம். மேற்கு மாம்பலத்துல உங்க அத்தை வீட்டுக்குப் போறப்ப ஆட்டோ ஒரு ரோட்டுல திரும்புமே, அதுக்குப் பேரு என்ன? லேக் வியூ ரோடு. ரோடு இருக்கு. வியூவும் இருக்கு, எதிர்வீட்டு மாடியில காயிற போர்வை. லேக்கு எங்கடா? அதுக்கு மேலதான் தி.நகர் உக்காந்திருக்கு. மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரின்னு ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு நீளமாக் கிடந்த தண்ணிக்கு வெள்ளைக்காரன் லாங் டேங்க்னு பேரு வச்சான். 1920-கள்ல அதைத் தூர்த்து மனை போட்டு, தியாகராயச் செட்டியார் பேரைச் சூட்டினாங்க. நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்டு ரோடுன்னு ஒண்ணு இருக்கு. கரை இருந்த இடம். வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் ஏரிக்குள்ளதான். எங்க ஊர்ல கண்மாய்க்குள்ள மனை வாங்குறவன்கிட்ட, "ஓடமும் சேத்து வாங்கிட்டியாப்பா"ன்னு கேப்போம். இங்க யாரும் கேக்கலை. 2021 நவம்பர்ல தி.நகர்த் தெருவுல முழங்கால் தண்ணி நின்னப்ப, நகைக்கடை வாசல்ல ரப்பர் படகு விட்டாத் தேவலாம்னு இருந்துச்சு. அன்னிக்கு நீ மொட்டைமாடியில நின்னு வீடியோதான் எடுத்தே. லேக் டிஸ்ட்ரிக்ட் வாசல் தேடி வந்தப்ப அனுபவிக்கத் தெரியலையே ராசா.

மலை ஏறணும்னா பறங்கிமலைக்குப் போ. முன்னூறு அடிதான், மூச்சு வாங்காது. ஆனா அந்தப் பாறைக்கு வயசு 250 கோடி வருசம். கல்கத்தாவுல செத்துப்போன ஜாப் சார்னாக்ங்கிற கம்பெனித் துரைக்கு நம்ம பக்கத்துக் கல்லை எடுத்துப் போய்க் கல்லறை கட்டினான். தாமஸ் ஹாலண்டுன்னு ஒரு பாறை ஆராய்ச்சிக்காரன் அந்தக் கல்லறையையும் இந்த மலையையும் பாத்துட்டு, பாறைக்கே சார்னோகைட்டுன்னு பேரு போட்டான். உலகத்துல எந்த மூலையில அந்த ஜாதிப் பாறை கிடைச்சாலும் அதே பேருதான். கல்லு நம்மளது, பேரு அவனுது. இந்த மாதிரிப் பங்கு பிரிக்கிறதுல அவன் கெட்டிக்காரன்.

அதுக்காக அவன் நாட்டை ஒரேயடியாத் தள்ளிரவும் முடியாது. அங்க ஒரு விசயம் இருக்கு, கேட்டா வயிறு எரியும். நடைபாதை. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேத்து ரெண்டு லட்சத்து இருபத்தையாயிரம் கிலோமீட்டர் போலப் பொதுவழி இருக்காம். அடுத்தவன் வயக்காட்டு நடுவுல வழி போகும். நிலத்துக்காரன் வேலி அடைச்சா கேஸ் போடலாம். சும்மா கிடைக்கலை அது. 1932 ஏப்ரல்ல கின்டர் ஸ்கௌட்டுங்கிற மேட்டு நிலத்துல, சீமான்கள் பறவை சுடுறதுக்கு வளைச்சு வச்சிருந்த இடத்துல, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க நூத்துக்கணக்குல புகுந்து நடந்தாங்க. அஞ்சு பேரை ஜெயில்ல போட்டான். நடந்ததுக்கு ஜெயிலுக்குப் போன சனம்! மேட்டு நிலத்துல இஷ்டத்துக்கு நடக்கலாம்னு சட்டம் வந்தது 2000-ல. நம்ம ரங்கநாதன் தெருவுல அந்தத் தொல்லையே இல்லை. நீ நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கிட்டுப் போயி மாம்பலம் ஸ்டேஷன்ல விட்டுரும். பாண்டி பஜார்ல 2019-ல அகல நடைபாதை போட்டாங்க, குறை சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு. மைனா நடக்குது, சனம் நடக்குது, சாயங்காலம் ஆனா ரெண்டொரு ஸ்கூட்டரும் நடக்குது.

மர விசயத்துலயும் அவன் கெடுபிடி. ஹேட்ரியன் சுவர் பக்கத்துல தன்னந்தனியா நின்ன ஒரு மரத்தை 2023-ல ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பேரு அறுத்துத் தள்ளிட்டானுக. ஆளுக்கு நாலு வருசம் மூணு மாசம் தீட்டினான் கோர்ட்டுல. அந்தச் சட்டத்தை இங்க கொண்டு வந்தா புழல் ஜெயில்ல பாய் விரிக்க இடம் இருக்காது. அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தோட நடு மரம் 1989-ல காத்துல சாஞ்சது. அதுக்கு யாரையும் பிடிக்க முடியாது. விழுதுக நின்னு இன்னும் குடும்பம் நடத்துதுக.

அந்த ஆலமரத்துக்குக் கூப்பிடு தூரத்துலதான் நீ பாக்க வேண்டிய இடம் இருக்கு. திரு.வி.க. பாலத்துல கடலைப் பாத்து நில்லு. வண்டியில போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டுக் கண்ணையும் சேத்து மூடிக்கிடுதே. மூக்கை மட்டும் பொத்து. ஆறு கடல்ல கலக்குற கழிமுகம் அது. தண்ணி வத்தி சேறு தெரியிற நேரம் பாத்துப் போகணும். செவத்த காலுக்காரன், பவளக்கால் உள்ளான், சேத்துல ஒவ்வொரு காலாத் தூக்கி வைப்பான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு தண்ணிக்கு மேல ஒரே இடத்துல சிறகடிச்சிக்கிட்டு அந்தரத்துல நிக்கும், அலகு மட்டும் நேரே கீழ பாத்திருக்கும். சட்டுனு விழும். பாதி தடவை வெறும் வாயோடதான் வரும். அதுக்கு வெக்கமே கிடையாது, திரும்பவும் மேல போயி நிக்கும். நீ ஒரு தடவை வேலைக்கு எழுதிப் போட்டுக் கிடைக்கலைன்னு ஒரு மாசம் போர்வைக்குள்ள கிடந்தியே, அதை நான் இங்க எடுக்கலை.

சேத்து ஓரத்துல குனிஞ்சு பாத்தா, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த நண்டு வளைவாசல்ல நிக்கும். ஆண் நண்டு அது. அந்தப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுறது பொட்டை நண்டைக் கூப்பிடுறதுக்கு. சாப்பிட அது உதவாது, சின்னக் கொடுக்காலதான் மண்ணை அள்ளி வாயில வைக்கணும். சம்பாத்தியத்துக்கு ஆகாத ஒண்ணை வச்சிக்கிட்டு வீதியில நின்னு ஆட்டுறவனுகளை உனக்குத் தெரியும்தானே? உன் பைக்கைச் சொல்லலைய்யா.

ஐப்பசி, கார்த்திகை பிறந்துட்டா வடதுருவத்துப் பக்கம் இருந்தெல்லாம் உள்ளான்கூட்டம் வந்து இறங்கும். பக்கத்துல உடைஞ்ச பாலம். 1967-ல கட்டி, பத்து வருசத்துல ஆத்து வெள்ளம் உடைச்சிட்டுப் போச்சு. இப்பக் கல்யாணத்துக்கு முந்தியே போட்டோ எடுக்கிற சோடிங்க அங்க நின்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காங்க. பின்னால கூழைக்கடா பறந்து போறதை ஒருத்தரும் பாக்கலை. மாப்பிள்ளைக்கு இனிமே பாக்க நேரம் வாய்க்கும், பொறு.

நீ கேக்கலாம், ஒரே ஊர்ல கிடந்து என்னத்தத் தாத்தா பாக்கிறதுன்னு. செல்போர்ன்ங்கிற குக்கிராமத்துல கில்பர்ட் ஒயிட்டுன்னு ஒரு பாதிரி, அந்த ஊர்க் குருவியையும் மண்புழுவையும் பாத்துப் பாத்துக் கடுதாசி எழுதி, 1789-ல புஸ்தகமாப் போட்டாரு. அது இன்னும் அச்சுல இருக்கு. நம்ம பக்கம் அதே வேலையைப் பாத்தவர் மா. கிருஷ்ணன், நாவல் எழுதின மாதவையா மகன். மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டு வீட்டுல இருந்துக்கிட்டு, 1950-ல இருந்து 1996-ல கண் மூடுற வரைக்கும் கல்கத்தா பேப்பருக்கு எழுதினாரு. யானைக்காடும் போனாரு, இல்லேங்கலை. ஆனா காக்கா, அணில், ஓணான்னு வாசல்ல கிடைச்சதையும் விடலை. அந்த ரோட்டுக்குத்தான் இப்ப ராதாகிருஷ்ணன் சாலைன்னு பேரு. நீ அதுல சிக்னல்ல நிக்கிறப்ப போனை நோண்டுதே.

ஒயிட்டு பாதிரி வீட்டுல டிமோதின்னு ஒரு ஆமை இருந்துச்சாம். அத்தைகாரி சொத்தா வந்தது. ஆம்பிளைப் பேரு வச்சு, வருசக்கணக்கா கூடவே வச்சிருந்து, குறிப்பும் எழுதிக்கிட்டு இருந்தாரு. பின்னாடி ஓட்டைச் சோதிச்சா, அது பொட்டை! அவ்வளவு பாத்தவருக்கே அந்தக் கதி. நீ ரெண்டு வாரத்துல ஒரு தேசத்தையே பாத்துட்டு வாரேங்கே.

ஆமைன்னதும் ஞாபகம் வருது. நம்ம பெசன்ட் நகர்க் கரைக்குப் பங்குனி ஆமை வருது. தை பிறந்ததும் ராத்திரியில கரையேறி, பின்னங்காலால குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, வயித்தால அமுக்கிட்டுக் கடலுக்குத் திரும்பிரும். குஞ்சு ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது மணலோட சூடு. சூடு ஏறுனா எல்லாம் பொட்டை. முட்டையில இருந்து வெளியே வந்த குஞ்சு வெளிச்சம் தெரியிற திக்கைப் பாத்து ஓடும். கடல் பக்கம்தான் வெளுப்பா இருக்கணும், நாம ரோட்டு விளக்கைப் போட்டுக் குழப்பி வச்சிருக்கோம். அதனால 1988-ல இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் கூட்டத்துப் பிள்ளைங்க நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரியெல்லாம் நடந்து, முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல பத்திரமாப் புதைச்சு, பொரிஞ்ச குஞ்சைக் கடல்ல விடுதாங்க. 2025 ஜனவரியில நூத்துக்கணக்குல ஆமை செத்துக் கரை ஒதுங்கிச்சு. கரைக்கு அஞ்சு கடல்மைலுக்குள்ள விசைப்படகு இழுவை வலை போடக்கூடாதுன்னு விதி. வலையில மாட்டின ஆமை மூச்சு வாங்க மேல வர முடியாம செத்துரும். இதுல கிண்டல் பண்ண எனக்கு வாய் வரலை.

டிக்கெட்டை ரத்து பண்ண வேண்டாம், நீ சித்திரையில போ. அதுக்கு முந்தி மாசியில ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்தப் பிள்ளைங்களோட நட. டார்ச் அடிக்காதே, பிளாஷ் போடாதே, ஆமையோட சேந்து பல்லைக் காட்டி செல்ஃபி எடுக்காதே. செருப்பைக் கையில பிடிச்சுக்கோ. விடிய விடிய நடந்தும் ஒரு ஆமைகூட வரலைன்னா யார்கிட்டயும் காசைத் திருப்பிக் கேக்க முடியாது. ராத்திரி வெளியே போக உங்கம்மா விட மாட்டான்னு சாக்கு சொல்லாதே, அவகிட்ட நான் பேசிக்கிடுதேன். நானும் வாரேன். தின்ன பன்னு வாங்கி வை, முறுக்கு வேண்டாம். நீ கடிக்கிற சத்தத்துக்கு வந்த ஆமை இலங்கைக்குத் திரும்பிப் போயிரும்.