என்ஜினுக்கும் போன ஜென்மம் உண்டு

2024 ஆகஸ்ட் 28. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவரை வரவழைத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஏழையாகப் பிறப்பதற்கும் உடற்குறையோடு பிறப்பதற்கும் போன ஜென்மத்துப் பாவமே காரணம் என்கிற கணக்கில் அவர் பேசினார். சைதாப்பேட்டை அரசுப் பள்ளியிலும் அதே கச்சேரி. தட்டிக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர்; அவரிடமே எகிறினார் மனிதர். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வந்தார், தலைமை ஆசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், செப்டம்பர் 7 அன்று சொற்பொழிவாளர் விமான நிலையத்திலேயே கைதானார். நாமும் செல்போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

எனக்கு மட்டும் ஒரு மெக்கானிக் நினைவாகவே இருந்தது. பதினோராவது அவென்யூவில் பைக் நின்றுவிடுகிறது. தள்ளிக்கொண்டு போய் ஷெட்டில் விடுகிறீர்கள். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். “சார், உங்க வண்டி போன ஜென்மத்துல தண்ணி லாரி. நாலு பேரை இடிச்சிருக்கு. அந்தப் பாவம்தான் ஸ்டார்ட் ஆகவிடாம தடுக்குது.” இப்படிச் சொல்கிற மெக்கானிக் மறுநாளே ஷெட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் சொன்னால் மாலை போடுகிறார்கள்.

நிஜ மெக்கானிக் என்ன செய்கிறார்? பெட்ரோல் வருதா, கரண்ட் வருதா, காத்து போகுதா, கம்ப்ரஷன் இருக்கா என்று நான்கே கேள்வி. பிளக்கைக் கழற்றுவார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை. பிளக்கை கேப்பில் மாட்டி, என்ஜினில் ஒட்டவைத்துக் கிக்கரை உதைப்பார். பொறி பறந்தால் கரண்ட் மேல் பழி இல்லை. ஒவ்வொரு சந்தேகமாகத் தள்ளிக்கொண்டே வந்து, மிஞ்சியதைப் பிடிப்பார். அது தவறினால் வண்டியே சொல்லிவிடும், மறுபடி முதலிலிருந்து. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்து, பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் உட்கார்ந்த பிறகு ஸ்கேனரைச் செருகி எரர் கோடு பார்க்கிறார்கள். அந்தக் கோடும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று கைகாட்டும், அவ்வளவுதான். சென்சார் கெட்டதா, அதற்குப் போகிற ஒயரை எலி கடித்ததா என்பதை மனுஷன்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இயற்பியல் செய்முறைத் தேர்வில் விடையை முதலில் எழுதிக்கொண்டு ரீடிங்கை அதற்கேற்ப நிரப்பும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு எங்கே கிடைக்கும்? பள்ளியிலேயே கிடைத்திருக்க வேண்டும். ஆட்டோமொபைல் பாடம் அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கத்தான் இருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. இன்றைக்கும் ‘அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல்’ என்று பாடப்புத்தகம் உண்டு. அந்தப் பிரிவில் யாரை உட்காரவைக்கிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை தெரியும்.

பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் ஏதாவது ஒரு பள்ளி வராந்தாவில் நின்று பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க்தான் பூர்வ ஜென்மம். புண்ணியம் செய்தவனுக்குப் பயாலஜி, அதற்கடுத்த புண்ணியவானுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ், கொஞ்சம் கறை படிந்தவனுக்குக் காமர்ஸ். மகாபாவிக்கு? “வொகேஷனல்ல போட்டுடறேன்மா, அழாதீங்க.” இதை எந்தச் சாமியாரும் வந்து சொல்லவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டரில் பச்சை மையால் எழுதுகிறோம். இதற்காக யாரையும் எந்த விமான நிலையத்திலும் மடக்கியதில்லை.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் ஆட்சி அதைத் தூக்கி எறிந்தது. கொதித்ததில் ஒரு சொட்டுக்கூட வீண் இல்லை. ஆனால் அப்பன் தொழிலை வாசல் வழியாகத் துரத்திய கையோடு, மார்க் குறைந்தவன் தொழிலைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுக்கொண்டோம். மார்க் குறைவது எந்த வீடுகளில் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் அதே வீடுகள், அதே தெருக்கள். இன்று யாராவது பள்ளியில் ஸ்பேனரைப் பற்றிப் பேச வாயெடுத்தால் “குலக்கல்வி!” என்று பாய்கிற தலைவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டில் என்ன படிக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

டெல்லி மட்டும் ஒழுங்கா? 1986 கல்விக் கொள்கை 1990க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம், 1995க்குள் 25 சதவீதம் தொழிற்கல்விக்கு வருவார்கள் என்றது. வரவில்லை. வராததால் வெட்கப்பட்டு இலக்கைக் குறைத்தார்களா? 2020 கொள்கையில் 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் 50 சதவீதம் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் என்று ஏற்றிவிட்டார்கள்! என்ஜின் ஓடாவிட்டாலும் மீட்டர் ஓடுகிறது.

இது நடக்கும் ஊரின் பட்டப்பெயர் இந்தியாவின் டெட்ராய்ட். திருவொற்றியூரில் 1956இல் தொடங்கிய புல்லட், எண்ணூரில் லேலண்ட் லாரி, இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து ஹூண்டாய். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் நாற்காலியும் சேர்ந்து ஓய்வு பெறுகிற ஊரும் இதுவே. ஆள் இல்லாத பிரிவை மூடிவிட்டு, “மாணவர்களிடம் ஆர்வம் இல்லை” என்று கோப்பில் எழுதுகிறார்கள். பிரிவு பிழைத்துக் கிடக்கும் இடத்தில் நாலு ஸ்ட்ரோக் என்ஜினை ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலால் வரைகிறான் பையன். பிஸ்டனுக்கு ஊதா, வால்வுக்குச் சிவப்பு.

நிஜ பிஸ்டனைக் கையில் எடுப்பவன் வேறொருவன். பள்ளியை விட்டு நின்று, ஷெட்டில் டீ வாங்கப் போய், ‘பத்து பன்னெண்டு எடுடா’ என்ற அதட்டலில் ஸ்பேனர் நம்பர் கற்று, இருபது வயதில் சத்தத்தை வைத்தே வால்வா செயினா என்று சொல்பவன். அவனிடம் ஒரு சான்றிதழ் கிடையாது. மெக்கானிக்கல் பி.இ. முடித்தவன் அவனிடம் வண்டியை விட்டுவிட்டு, “எவ்ளோடா ஆகும்?” என்கிறான். அந்த ‘டா’வுக்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அசோக் நகரில் ஒரு பெண் பத்தாம் வகுப்பில் 500க்கு 490 வாங்கிக்கொண்டு வந்து, எனக்கு ஆட்டோமொபைல் குரூப் கொடுங்கள் என்று கேட்கட்டும். முதலில் அந்தப் பிரிவு மகளிர் பள்ளியில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அதை விடுங்கள். தலைமை ஆசிரியை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். அப்பாவுக்கு போன் போகும். பெரியம்மா தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடிப்பாள். கவுன்சிலிங் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு தலையைத் தடவிக் கேட்பார்: “பயப்படாம சொல்லும்மா. அந்த மெக்கானிக் பையன் யாரு?”