கலை ஏறினால் ஆள் எங்கே?

கோயிலில் பறை முழங்கத் தொடங்கினால் என் மச்சாளுக்குக் கலை (உரு) வந்துவிடும். நடிப்போ, வருத்தமோ? (வரணி)

இரண்டும் இல்லை. விடாத பறை, நோன்புப் பசி, கர்ப்பூரப் புகை, சுற்றி நிற்பவர்களின் எதிர்பார்ப்பு எல்லாம் சேரும்போது கவனம் ஒரு புள்ளிக்கு ஒடுங்குகிறது. கையும் காலும் ஆடும். ஆட்டுவது நான்தான் என்ற உணர்வு மட்டும் விலகி நிற்கும். பிறகு கேட்டால் பாதி நினைவிலிராது. சமயச் சடங்குக்கு வெளியே, விரும்பாமல் வந்து, அன்றாட வாழ்வைக் குழப்பினால்தான் இது நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு. நம் வடபகுதியில் உருக்கொள்பவர்களை ஆராய்ந்து 2008இல் எழுதிய தயா சோமசுந்தரம், திவாகரன், தினேஷ் புக்ரா ஆகியோரும் மனநோயோடு உருக்கொள்பவர்களையும் நோயின்றி உருக்கொள்பவர்களையும் வேறு வேறு குழுக்களாகவே வைத்துப் பார்த்தார்கள். திருநீறு பூசியதும் தெளிந்து, வீட்டுக்கு வந்து உலை வைக்கிறா என்றால் மச்சாளை அவபாட்டில் விடுங்கள். கோயிலில்லாத நாளிலும் வந்து, நித்திரையும் சாப்பாடும் கெட்டால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பேயோட்டுகிறேன் என்று யாரையும் அவமேல் கைவைக்க விடாதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தேன். சங்கத்தானையும் மீசாலையும் எப்போது கழிந்தன என்றே தெரியவில்லை. (கொடிகாமம்)

பழகிய றோட்டை மூளை தானாக ஓட்டும். கவனம் வேறெங்கோ இருந்ததால் நினைவில் பதியவில்லை. குறுக்கே ஒரு மாடு வந்திருந்தால் பதிந்திருக்கும். முதல்நாள் இரவு நித்திரை குறைவென்றால் கதை வேறு, தம்பி. கண் திறந்திருக்கச் சில விநாடி உறங்கியிருப்பீர்கள். அப்படியான நாளில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்து எழும்புங்கள்.

குடித்தவனையும் வெறி என்கிறோம். முருகன் ஏறி ஆடுவதையும் வெறியாட்டு என்கிறோம். ஒரே சொல் ஏன்? (எழுதுமட்டுவாள்)

இரண்டு பேரும் தம் வசத்தில் இல்லை என்பதைப் பழந்தமிழர் கண்டிருக்கிறார்கள். சங்கப் பாட்டுகளில் மகள் இளைத்தால் முருகன் பிடித்தான் என்று தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட வைப்பாள். இளைத்தது காதலால் என்று பெண்ணுக்கும் தோழிக்கும் தெரியும். நற்றிணை 34இல் தோழி முருகனையே கடிந்துகொள்கிறாள்: கடவுளாக இருந்துமா உனக்கு இது விளங்கவில்லை? நம் மொழியில் பதிவான மிகப் பழைய பிழையான நோயறிதல் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வேலனைத் தேடிப் போனவர்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கள்ளைப் பற்றி ஒன்று: அது முதலில் மழுங்கடிப்பது நம்மை நாமே தடுத்துக்கொள்ளும் திறனை. அதனால்தான் வெறியில் நிற்பவர் தனக்கு வெறியில்லை என்று சத்தியம் செய்கிறார்.

விடியப்புறத்தில் நெஞ்சில் பேய் ஏறி அமத்துது. முழித்துத்தான் இருக்கிறேன், கத்த முடியவில்லை. (உசன்)

கனவு காணும் உறக்கத்தில் கண்விழி மூடிய இமைக்குள் வேகமாக ஓடும். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் இதைக் கண்டு எழுதினார்கள். அந்த நேரம் மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது, கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து பாயாமல் இருக்க. உங்களுக்கு அறிவு முழித்துவிட்டது, கட்டு இன்னும் அவிழவில்லை, கனவும் முழுதாகக் கலையவில்லை. பயமும் சேர, நெஞ்சில் பாரமாகத் தெரிகிறது. மல்லாந்து படுக்காதீர்கள், நேரத்துக்கு உறங்குங்கள். வந்தால் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். சில நிமிடத்தில் தானாக விட்டுவிடும்.

தீ மிதிப்பவர்களைக் காப்பாற்றுவது பக்தியா? (கச்சாய்)

கொழும்பில் உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்த கார்லோ பொன்சேகா இதை ஆராய்ந்து 1971இல் எழுதினார். பாதம் தணலில் படும் நேரம் மிகக் குறைவு, வெறுங்காலில் நடந்து பழகிய தோல் தடிப்பு, விரதமில்லாதவர்களும் மிதித்தார்கள். ஆனால் தணல் முன் தயங்காமல் முதல் அடி வைக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது? அதைப் பக்திதான் கொடுக்கிறது என்று நான் நம்புகிறேன். தயங்கி நின்றால் பாதம் வெந்துவிடும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.

சைவ சித்தாந்த வகுப்பில் உயிரின் ஐந்து அவத்தை (நிலை) படித்தோம். விஞ்ஞானத்துக்கு ஒத்துவருமா? (கெற்பேலி)

விழிப்பான சாக்கிரத்தில் உயிரோடு இயங்கும் கருவிகள் 35, கனவான சொப்பனத்தில் 25, ஆழ்ந்த உறக்கமான சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 என்பது கணக்கு. மூளை அலைகளை அளக்கும் மின்வரைபு இதை எண்ணித் தராது. இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட வேண்டாம். ஆனாலும் உணர்வு என்பது இருக்கு, இல்லை என்ற இரண்டு நிலை மட்டுமல்ல, படிப்படியாகக் கழன்று குறைவது என்று சித்தாந்திகள் பார்த்தார்களே, அந்தப் பார்வையை இன்றைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும் ஏற்பார்.

1996இல் பிடித்துக் கொண்டுபோன, திரும்பி வராத மகன் இரவில் படலையைத் திறக்கிற சத்தம் கேட்குது. எனக்கு விசரோ? (ஊர் எழுதாத ஒரு தாய்)

இல்லை, அம்மா. வேல்ஸில் றீஸ் என்ற வைத்தியர் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தவரைக் கண்டோ கேட்டோ பக்கத்தில் உணர்ந்தோ இருந்தார்கள். பெரும்பாலானோர் அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர்களாவது அடக்கம் செய்தவர்கள். உங்களுக்கு அந்தியேட்டி செய்யவும் வழியில்லை, செய்யாமல் விடவும் மனமில்லை. இத்தனை வருடம் ஒரே சத்தத்துக்காகக் காத்திருந்த காது காற்றில் ஆடுகிற கிடுகிலும் அதைத்தான் கேட்கும். சத்தம் உங்களை ஏசினாலோ, எதையாவது செய் என்று ஏவினாலோ வைத்தியரிடம் போங்கள். மற்றபடி எழும்பிப் போய்ப் பாருங்கள், பிழையில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்பி, கேட்டது என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள்.