வீரம் யாருக்கு, தோட்டா யாருக்கு?

போர் வேண்டும் என்று ஒருவர் கொதித்தால், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அநேகமாக மின்விசிறிக்குக் கீழே.

1962 அக்டோபர் 12. கொழும்புக்குக் கிளம்பிய நேரு, சீனர்களை விரட்டும்படி ராணுவத்துக்கு உத்தரவு போட்டாயிற்று என்று நிருபர்களிடம் சொன்னார். நாடாளுமன்றம் கேட்டது, பத்திரிகைகள் கேட்டன, கொடுத்துவிட்டார். வடகிழக்கு எல்லையில், நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற சிப்பாயை யாரும் கேட்கவில்லை. உடம்பில் பருத்திச் சீருடை. காலில் கேன்வாஸ் ஷூ. கையில் பழைய .303 துப்பாக்கி. தலைக்கு மேலே தாக்லா முகடு. சீனர்களை விரட்டுவது நடக்காது என்று எழுதிய லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங்கிடமிருந்து அந்தப் பொறுப்பே பிடுங்கப்பட்டது. ஜெனரலுக்கே அந்தக் கதி. சிப்பாய் வாய் திறப்பானா? அக்டோபர் 20 அன்று 2ஆவது ராஜ்புத் பட்டாலியனின் 513 பேரில் 282 பேர் செத்தார்கள்.

உடனே தேசபக்தி உண்டியலோடு வீதிக்கு வந்தது. பாதுகாப்பு நிதிக்குத் தங்கம் கொடு! பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்த தமிழனிடம் கேட்க என்ன இருந்தது? நாட்டுக்கான தங்கத்தையே பாதாளத்திலிருந்து அவன்தான் வெட்டிக் கொடுத்தான். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. தியாகிமீது அவ்வளவு நம்பிக்கை! நுரையீரலில் படிந்த கல்தூசியை மட்டும் தடையில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கார்கில் வெற்றியை மேடைதோறும் முழங்கிய அரசுதான், 2001 பிப்ரவரி 28 அன்று நஷ்டக் கணக்குக் காட்டிச் சுரங்கத்தை மூடியது. அவன் பிள்ளைகள் இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் குவித்த சயனைடு மேட்டின் தூசி வீட்டுக்குள் வருகிறது.

கூட்டத்தின் ரத்தவெறி இன்னும் தணியவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நின்றதை அறிவித்த குற்றத்துக்காக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியை இணையத்தில் குதறினார்கள். அவர் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொண்டார். பதுங்குகுழியில் கிடப்பவனுக்குப் பூட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

1962இல் நடந்ததை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இல் தயாரானது. அதை இன்னும் மூடிவைப்பது சரியல்ல என்று 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜெட்லி எழுதினார். ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். வெளியிட்டால் தேசநலனுக்கு ஆகாது என்று மாநிலங்களவையில் பதில் கொடுத்தார். நான்கே மாதத்தில் தேசநலன் கட்சி மாறிவிட்டது.

அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை.