கவசம் பூண்ட வண்டி

புது புல்லட் எடுக்கும்போதே ஷோரூமில் கேட்டுவிடுவார்கள்: "கிராஷ் கார்டு போட்டுடலாமா சார்?" வேண்டாம் என்பவர் அபூர்வம். நியாயம்தான். நின்ற வண்டி சாய்ந்தால் என்ஜின் தப்பும். ஏறத்தாழ 195 கிலோவுக்கு அடியில் கால் நசுங்காமல் கொஞ்சம் சந்தும் கிடைக்கும். எதிரே வரும் லாரிக்குத்தான் இந்த ஏற்பாடு தெரியாது. வேகமான அடி என்றால் கம்பி தான் வாங்கியதை அப்படியே சேஸிஸிடம் ஒப்படைத்துவிடும்.

ஆனால் நம் ஊரில் கம்பியின் நிஜ உத்தியோகமே வேறு. மளிகைப் பை தொங்கவிடலாம். பைபாஸில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி போகலாம். முக்கியமாக, ஹெல்மெட்டை மாட்டி வைக்கலாம். போலீஸைக் கண்டால் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் போதும், 1000 ரூபாய் மிச்சம்.

மோட்டார் வாகன விதிகள் இந்தக் கம்பியைக் கேட்கவே இல்லை. 123ஆம் விதி கேட்பது, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. அதாவது சேலை கார்டு. பின்னால் உட்காரும் அம்மாவின் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வந்தது. அதைத்தான் நம்மாள், "லுக்கே போச்சுண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்லி முதலில் கழற்றுகிறான்.