நவாபுக்குக் கடன் கொடுத்த நல்லவர்கள்

1763ல் பாரிஸ் நகரில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் உட்கார்ந்து சமாதான உடன்படிக்கை எழுதினார்கள். கனடா யாருக்கு, கரீபியன் தீவுகள் யாருக்கு என்று பாகம் பிரித்த கையோடு, கர்நாடகத்தின் நவாப் முகமது அலிதான் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். பதவி உறுதியாயிற்று. பின்னாலேயே பில்லும் வந்தது. ‘உமக்காகத்தானே இத்தனை வருஷம் சண்டை போட்டோம்’ என்று கிழக்கிந்தியக் கம்பெனி படைச்செலவை அவர் கணக்கில் எழுதியது. படை கம்பெனியுடையது, தளபதிகள் கம்பெனி ஆட்கள், செலவு மட்டும் நவாபுடையது.

கம்பெனிக்கு ரொக்கம் வேண்டும். நவாபிடம் இருந்ததோ நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை நீண்ட ஒரு ராஜ்யமும், அறுவடையான பிறகே கைக்கு வரும் தீர்வையும். இந்த இடைவெளியில்தான் கம்பெனியின் குமாஸ்தாக்களுக்குக் கருணை சுரந்தது. பகலில் கோட்டைக்குள் உட்கார்ந்து ‘பாக்கி எப்போது வரும்?’ என்று நவாபுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதுவார்கள். பொழுது சாய்ந்ததும் அதே கனவான்கள், ‘கவலையை விடுங்கள் ஹுஸூர், நாங்கள் இல்லையா?’ என்று கடன் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். 20, 25 சதவீத வட்டியெல்லாம் சர்வசாதாரணம். நவாப் அந்தப் பணத்தை வாங்கிக் கம்பெனிக்குக் கட்டுவார். ஈடாக, இன்ன சீமையின் தீர்வை இன்ன துரைக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. அந்த ஊரான் யார் என்று கேட்டால், நெல் நட்டுக்கொண்டிருந்த குடியானவன்.

இந்தத் தொழில் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு குதிரைப்படைக் கதை உண்டு. நவாபின் குதிரைப்படையைக் கலைத்துவிடு என்று கம்பெனி சொன்னது. கலைக்க வேண்டுமென்றால் வீரர்களின் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும், 1,60,000 பவுண்டு. மூன்று துரைமார்கள் முன்வந்து, ‘நாங்கள் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் சீமைகளை எழுதிக்கொடுங்கள்’ என்றார்கள். நவாப் எழுதிக்கொடுத்தார். சீட்டு எழுதிய அன்றே வட்டி ஓடத் தொடங்கியது. சம்பளம்தான் ஓடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் குதிரைவீரர்கள் காத்துக்கிடந்தார்கள். துரைமார்கள் அந்தச் சீமைகளில் தீர்வையை வசூலித்து, அதிலிருந்து சம்பளத்தைக் கொடுத்தார்கள். நவாபின் பணத்தையே எடுத்து நவாபுக்குக் கடனாகக் கொடுத்து, அதற்கு நவாபிடமே வட்டி. பார்லிமெண்ட் உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிற்பாடு இந்தக் கதையைச் சபையில் விளக்கமாகச் சொன்னார்.

கடன்காரர்களில் முதல் தாம்பூலம் பால் பென்ஃபீல்டுக்குத்தான். கம்பெனியில் சின்ன உத்தியோகம், வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளம். கட்டட வேலை தெரிந்தவர் என்பதால் சென்னைக் கருப்பர் நகரத்துக்கு மதில் கட்டும் காண்டிராக்டும் அவருக்குத்தான். (அந்த மதில் செலவை ஜனங்கள் தலையில் கட்ட வரி போடப் பார்த்தார்கள், வசூலாகவில்லை. சாலைக்கு மட்டும் ‘வால்டாக்ஸ்’ என்று பெயர் நின்றுவிட்டது.) நவாபின் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் இவர்தான் என்பார்கள். கடன் கொடுத்தவரே வீடும் கட்டிக்கொடுத்தால் பணம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

1773ல் கம்பெனிப் படையோடு போய் நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டன் டைரக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ராஜா துளஜாவுக்கே தஞ்சையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பழைய கவர்னர் பிகாட் பிரபுவை மறுபடியும் சென்னைக்கு அனுப்பினார்கள். பிகாட் ஒன்றும் சந்நியாசி அல்ல. இந்தியாவிலிருந்து அவர் கொண்டுபோன வைரம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆனால் சொன்ன வேலையைச் செய்தார். 1776 ஏப்ரலில் ராஜா மறுபடி சிம்மாசனம் ஏறினார். உடனே பென்ஃபீல்ட் ஓடிவந்து, தஞ்சையின் தீர்வை மீதும் வயலில் நிற்கும் பயிர் மீதும் தமக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் பாத்தியதை இருக்கிறது என்றார். அத்தாட்சி எங்கே என்றால், ‘நவாபைக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார்’. நவாபும் ஒப்புக்கொண்டார். இந்த இடத்தில் நவாபைப் பச்சைக் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சை கையைவிட்டுப் போவதைவிட அது தம் கடன்காரர்களிடம் சிக்கியிருப்பதே மேல் என்று அவருக்குத் தெரியும்.

பிகாட் மறுத்தார். கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்ட் பக்கம். ஆகஸ்ட் 24 அன்று கம்பெனிப் படைத் தளபதி கர்னல் ஸ்டூவர்ட் காலையில் பிகாட் வீட்டில் சாப்பிட்டார், பகலிலும் சாப்பிட்டார், சாயங்காலம் அவரோடு ஒரே வண்டியில் ஏறினார். வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். கைதுக்கு ஏற்பாடு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட்தான். வயலில் நின்ற பயிருக்காக ஒரு கவர்னரையே காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே பிகாட் செத்துப்போனார். அவரை மறுபடி பதவியில் வைக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது, காரியமெல்லாம் முடிந்த பிறகு. சதி செய்த கவுன்சிலர்களுக்கு லண்டனில் விசாரணை நடந்து தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விழுந்தது. தஞ்சை கணக்கில் அது சில்லறை.

லண்டனிலும் நவாபுக்கு ஏஜெண்டுகள் இருந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் மக்ஃபர்சன்: ஆஸியன் என்ற ஆதிகாலப் புலவரின் பாடல்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லி, தாமே இட்டுக்கட்டியதாகக் குற்றம் சுமந்தவர். கணக்கு எழுத இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? இன்னொருவர் ஜான் மக்ஃபர்சன். அவர் பிற்பாடு வங்காளத்தின் தற்காலிக கவர்னர் ஜெனரலாகவே உட்கார்ந்தார். பென்ஃபீல்ட் காசைக் கொட்டி பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை உள்ளே கொண்டுவந்தார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. 1784ல் பிரதமர் பிட்டின் மந்திரிசபை, எந்தக் கடன் நிஜம், எது பொய் என்று விசாரிக்காமலே எல்லாவற்றையும் கர்நாடகத் தீர்வையிலிருந்து அடைக்க உத்தரவிட்டது. வருஷத்துக்கு 4,80,000 பவுண்டு. பர்க் மணிக்கணக்கில் இடித்துப் பேசினார். ஓட்டெடுப்பில் தோற்றார்.

1801ல் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. பாக்கிக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 3 கோடி பவுண்டுக்கு மேல் பத்திரங்கள் வந்து குவிந்தன. வருஷக்கணக்கில் உட்கார்ந்து சலித்துப் பார்த்ததில், நிஜம் என்று தேறியது சுமார் 27 லட்சம். இவ்வளவு பணத்தையும் சுழற்றிய பென்ஃபீல்ட் 1810ல் பாரிஸில் கையில் காலணா இல்லாமல் செத்தார்.

1855ல் கடைசி நவாபும் வாரிசில்லாமல் கண்ணை மூடிய பிறகு, கடனுக்காகச் சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்தது. எடுத்தது சென்னை அரசாங்கம். தீர்வையையெல்லாம் அடமானம் வைத்த மனிதர் வாழ்ந்த அந்த வீட்டில் வருவாய் வாரியத்தைக் குடிவைத்தார்கள்.