நாற்பதுக்கு முப்பத்தெட்டு

ஏழாம் வகுப்பு அறிவியல் சாரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஊர்தான் மாறும், ஆள் ஒருவரே. 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து அவர் கையில் நாற்பது மதிப்பெண் இருக்கிறது. நூறில் அறுபது பருவத் தேர்வுக்கு. மீதி நாற்பது வளரறி மதிப்பீடு. அதில் செயல்பாடுகளுக்கு இருபது, சிறு தேர்வுகளுக்கு இருபது. நான்கு செயல்பாடு நடத்தி, நன்றாக வந்த இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத வராத பிள்ளை கைவேலையிலாவது தேறட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. சாருக்கும் பிடித்துப்போயிற்று. எடுக்கப்போவது இரண்டைத்தானே, நான்கை நடத்துவானேன்?

அந்த இரண்டுக்கும் சாரிடம் தனி அளவுகோல் உண்டு. தெர்மாகோல் எரிமலைக்கு எட்டு. சிவப்பு பல்பு எரிந்தால் ஒன்பது. ஓரத்தில் ஜிகினா ஒட்டியிருந்தால் பத்து. செய்தது அப்பாவா, சித்தப்பாவா என்றெல்லாம் சார் துருவமாட்டார். அது குடும்ப விவகாரம். பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டிய நோட்டுக்குத் தனி மரியாதை. “எரிமலை ஏன் சார் வெடிக்குது?” என்று கேட்டவனுக்கு மட்டும் ஆறு. அடக்கம் போதாது.

அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தெரிந்த அன்று மாலைதான் உண்மையான மதிப்பீடு நடக்கும். ஒரே மூச்சில் எழுதியது தெரியாமலிருக்க மூன்று பேனா. நாற்பதுக்கு நாற்பது போட்டால் அதிகாரி சந்தேகப்படுவார், முப்பது போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ஆகவே எல்லாருக்கும் முப்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டு. ஆகஸ்டிலேயே டி.சி. வாங்கிப் போன பையன் அக்டோபர் குழு விவாதத்தில் ஒன்பது வாங்கியிருப்பான். விவாதமே நடக்காததால் அவன் வராதது யாருக்கும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். பருவத் தேர்வில் அறுபதுக்குப் பதினான்கு எடுத்தவன் முப்பத்தெட்டின் தயவில் 52 ஆகிறான், சி1 கிரேடு. வெற்றுத்தாளை மடித்துக் கொடுத்தால்கூட 38, அதற்கும் டி இருக்கிறது. சாரைக் கேட்டால், “பிள்ளைங்க வயித்துல அடிக்கலாமாங்க?” என்பார். ஒரு வகுப்பில் நாற்பது பேர், கையில் நான்கு வகுப்பு, இதில் யார் எதைச் செய்தார்கள் என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது என்பதும் நியாயம்தான்.

பெற்றோர்களே, அடுத்த முறை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது மொத்தத்தை விடுங்கள். அறுபதுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்த நாற்பதில் பாதி நீங்கள் வாங்கியது.