அகவசூல், புறவசூல்: பள்ளிக் கொடிநாள் குறித்து ஓர் ஆய்வு

பள்ளிக்கூட வசூல் அகவசூல், புறவசூல் என இருவகைப்படும். வீட்டுக்குள்ளேயே முடிவது அகம். தெருவில் தொடங்கி வீட்டுக்குள் முடிவது புறம். மூன்றாவது வகை ஒன்று உண்டென்று ஆசிரியர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவருகிறார்கள், சான்று அகப்படவில்லை.

ஆய்வுப் பொருள் இரண்டு. ஒன்று, 1949 முதல் டிசம்பர் 7 தோறும் வரும் படைவீரர் கொடிநாளின் குட்டிக் கொடி. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம், படைக்கொரு நிறம். மற்றொன்று காசநோய் நிதிக்கான டி.பி. ஸ்டாம்ப். இதன் மூதாதை, 1904இல் டென்மார்க்கில் எய்னார் ஹோல்போல் என்ற அஞ்சல் ஊழியரின் யோசனையில் பிறந்த கிறிஸ்துமஸ் வில்லை. கடிதத்தில் ஒட்டப் பிறந்தது, எங்கள் வீட்டில் பீரோ கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டின் நோக்கமும் பழுதற்றது. வேண்டாம் என்பவர் கூசிப்போகுமளவுக்குப் பழுதற்றது. சிக்கலே அங்கேதான்.

இனிக் களஆய்வு. ஆறாம் வகுப்பில் என் கையில் பத்துக் கொடி தரப்பட்டது. "நாளைக்குக் காசோட வரணும்" என்பதே விற்பனைப் பயிற்சி முழுவதும். முதல் வீட்டு அக்கா, "எங்க பையனுக்கும் குடுத்திருக்காங்கப்பா" என்று அவன் கட்டை என்னிடம் நீட்டினார். இரண்டாம் வீட்டில், "பெரியவங்க யாரும் இல்ல, அப்புறம் வா" என்றது ஒரு பெரியவர் குரல். மூன்றாம் வீட்டில் நாய். மளிகைக்கடை அண்ணாச்சி மட்டும் மனமிரங்கி ஒன்று வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். காசை எங்கள் வீட்டுப் பற்றில் எழுதிக்கொண்டார்.

மிச்சம் ஒன்பதை அப்பா ஆபீசுக்கு எடுத்துப்போனார். ஆறு விற்றது. ஆனால் வாங்கிய ஆறு பேருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது கொடியோடு போனவர் ஒன்பது கொடியோடு திரும்பினார். "அவங்க வாங்கிட்டாங்க, நான் வாங்காம எப்படிடா?"

ஐயம்: அப்பாவே முதலில் முழுக் காசையும் கொடுத்திருக்கலாகாதா? விடை: கொடுத்தால் பையனுக்குப் பொறுப்பு வராது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வாத்தியாரின் மகளும் ஏழாம் வகுப்பில் கொடி விற்றுக்கொண்டிருந்தாள் என்பதையும், அவர் சட்டைப்பையில் அன்று நாலைந்து கொடி தெரிந்தது என்பதையும் ஆய்வாளர் குறித்துவைக்கிறார்.

மறுநாள் முழுத்தொகை கட்டியவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். வகுப்பே கைதட்டியது.

"நல்லா வித்திருக்கே" என்று வாத்தியார் முதுகில் தட்டி, விற்காமல் கிடந்த இன்னொரு கட்டை என்னிடமே கொடுத்தார்.